7. முன்சக்கர பிரேக்: பேடும் டிஸ்க்கும் மாற்றுவது

பிரேக் பேட் மாற்றக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஒரு பக்கத்துக்கு நான்கு போல்ட், இரண்டு பேட், ஒரு டிஸ்க், அவ்வளவுதான். ஆனால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது இந்த வேலையில் கால்பங்குதான். துருவைச் சுரண்டுவது, பின்னைத் துடைத்துக் கிரீஸ் வைப்பது, டிஸ்க் உட்காரும் இடத்தைத் தேய்த்து எடுப்பது என்று மீதி முக்கால்பங்கும் சுத்தம் செய்கிற வேலை. அவசரத்தில் விட்டுப்போவது இந்த முக்கால்பங்குதான். "புதுப் பேட் போட்டும் சத்தம் நிற்கவில்லை", "டிஸ்க் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே ஸ்டீயரிங் உதறுகிறது" என்று வருகிற பல புகார்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. சொந்தக் கையால் செய்வதில் கிடைக்கும் பெரிய லாபம் கூலி மிச்சமாவது அல்ல. யாருக்கும் நேரமில்லாத இந்தச் சுத்த வேலைக்கு உங்களால் நேரம் கொடுக்க முடியும் என்பதே.

இந்த அத்தியாயம் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள சிறிய கார்களுக்கானது. ஸ்விஃப்ட், வேகன் ஆர், கிராண்ட் ஐ10, டியாகோ போன்றவை பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் வருகின்றன. பின்பக்க டிரம் பிரேக்குக்கு முறையே வேறு, எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள பின்பக்க டிஸ்க்குக்கும் வேறு. அவற்றில் இந்த வழிமுறையை முயலவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமதளமான கெட்டித் தரை, ஜாக்கி ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலையைத் தொடங்காதீர்கள். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும், பிரேக் ஹோஸ் வெடித்திருந்தாலும் நேராக மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதனிடம் ஏறத்தாழ 386 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். காரை நிறுத்தினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. அது 30 டிகிரியில் இருக்கும் 1.3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். அடுப்பில் பல நிமிடம் பிடிக்கும் இந்த வேலை பிரேக்கில் சில விநாடிகளில் முடிகிறது. பிரேக் போட்டதும் காரின் பாரம் முன்னால் சாய்வதால், இதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முன்சக்கரங்களே சுமக்கின்றன. பின்பக்க லைனிங்கைவிட முன்பக்க பேடுகள் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம்.

டிரம் மூடிய பெட்டி என்பதால் வெப்பம் உள்ளேயே தங்கும். திறந்த காற்றில் சுழலும் டிஸ்க் சூட்டை எளிதில் வெளியே விட்டுவிடும். ஃபிரெடெரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தில் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1953-இல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் ஸி-டைப் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகுதான் கார் உலகம் இதைத் தீவிரமாகத் திரும்பிப் பார்த்தது.

நம் சிறிய கார்களில் இருப்பது மிதக்கும் காலிப்பர். இதில் ஒரே ஒரு பிஸ்டன், அதுவும் டிஸ்க்கின் உட்பக்கத்தில். பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பரின் உடல் முழுதும் உள்நோக்கி நகர்ந்து, வெளிப் பேடை மறுபக்கம் அழுத்தும். இந்த நகர்வுக்கு வழிவிடுபவை இரண்டு ஸ்லைடு பின்கள். பின்கள் துருவில் பிடித்துக்கொண்டால் காலிப்பர் நகராது. உள் பேட் மட்டும் தேய்ந்து இரும்பு வரை போகும், வெளிப் பேட் பாதிகூடத் தேயாமல் இருக்கும்.

பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது ஸ்பிரிங் அல்ல. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுள்ள ரப்பர் சீல், பிஸ்டன் முன்னே போகும்போது சற்று முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் தன் பழைய வடிவுக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில் பிஸ்டன் இம்மியளவு பின்வாங்குகிறது. அந்த இம்மியை ஒரு துருத் துணுக்கு விழுங்கிவிட்டாலும் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும். இந்த அத்தியாயம் முழுக்கச் சுத்தத்தை வலியுறுத்துவது அதனால்தான்.

எப்போது மாற்றுவது

புதுப் பேடில் உராய்வுப் பொருளின் தடிமன் பெரும்பாலும் 10 மி.மீ. அளவில் இருக்கும். இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பல பேடுகளில் எச்சரிக்கைக்காக ஒரு சிறிய இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி, ஓட்டத்தில் கிறீச்சென்று கத்தும். அந்தக் கிறீச் மாறிக் கரகரவென்று இரும்பை அறுக்கும் சத்தம் வந்தால் பேட் முழுதும் தீர்ந்து, தகடே டிஸ்க்கைத் தின்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தக் காரை ஓட்டக் கூடாது.

டேங்கில் பிரேக் ஆயில் குறைந்திருந்தாலும் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஆகவே மட்டம் மெதுவாகக் குறைவது இயல்பே. பேட் நன்றாக இருக்க மட்டம் மட்டும் குறைந்தால் எங்கோ கசிகிறது.

டிஸ்க்கைப் பொறுத்தவரை அளவுதான் தீர்ப்பு. எந்தத் தடிமனுக்குக் கீழே அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ பொறித்திருப்பார்கள். புதிதில் இருந்த அளவைவிட அது பெரும்பாலும் 2 மி.மீ. அளவில் குறைவாக இருக்கும்.

தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் பேட் படாத ஒரு மேடு நிற்கும். வெர்னியரை நேரே வைத்தால் அந்த மேட்டைத்தான் அளப்பீர்கள், தேய்ந்த இடத்தை அல்ல. மைக்ரோமீட்டர் இல்லையென்றால் ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்க்கின் இரு முகத்திலும், மேட்டுக்கு உட்புறமாக, ஒவ்வொரு நாணயத்தை வைத்துப் பிடித்து மொத்தத்தை அளந்து, நாணயங்களின் அளவைக் கழியுங்கள். சுற்றிலும் நான்கைந்து இடங்களில் இப்படி அளந்து, கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணைக் கணக்கில் கொள்ளுங்கள்.

தடிமன் மிச்சமிருந்தாலும் வெடிப்பு, ஆழமான வரிக்கோடுகள், சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள், பெடலில் உணரும் துடிப்பு இவற்றில் எது தெரிந்தாலும் டிஸ்க்கை மாற்றுவதே நல்லது. லேத்தில் கொடுத்துச் சீவி எடுப்பதும் உண்டு. சீவிய பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் போதிய தடிமன் நின்றால் மட்டுமே அதில் பயன். மழைக்கு மறுநாள் காலை டிஸ்க்கில் படியும் மெல்லிய செந்துரு கோளாறே அல்ல, நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

வாங்கும்போது

பேடும் சரி, டிஸ்க்கும் சரி, வலது இடது இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க் புதிதென்றால் பேடும் புதிதாக இருக்கட்டும். பழைய டிஸ்க்கின் வரிகளுக்கு ஏற்பத் தேய்ந்த பேட், புது டிஸ்க்கில் முழுதாகப் பதியாது.

கடைக்குப் போகும்போது காரின் மாடல், தயாரித்த மாதமும் வருடமும், சேசிஸ் எண் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயருள்ள காரிலேயே ஆண்டுக்கு ஆண்டு டிஸ்க்கின் விட்டமும் பேடின் வடிவமும் மாறியிருக்கலாம். முடிந்தால் பழைய பேடைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரேக் பாகத் தயாரிப்பில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னைப் பாடியில் இருக்கிறது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங் போன்றவையும் சென்னையில் வேர்விட்டவைதான். நல்ல பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது, பெயரில்லாத டப்பாவில் வரும் மலிவுப் பேடை வாங்க எந்தக் காரணமும் இல்லை. பில் தரும் கடையில், சீல் பிரியாத பெட்டியாக வாங்குங்கள். கதவு, கண்ணாடி, பம்பர் என்று பழைய உதிரிபாகச் சந்தையில் எது வேண்டுமானாலும் தேடலாம். பிரேக் பாகத்தை அங்கே தேடக் கூடாது.

கூடவே வாங்க வேண்டியவை: பிரேக் கிளீனர் ஸ்பிரே, ஸ்லைடு பின்னுக்கான சிலிக்கான் கிரீஸ், பேடின் காதுகளுக்கு வைக்கும் சூடு தாங்கும் பிரேக் பேஸ்ட், பேட் கிளிப் செட். கிளிப் சிறிய பொருள்தான், ஆனால் பழையதையே போட்டால் பாதிச் சத்தம் அங்கிருந்துதான் கிளம்பும்.

கருவிகள்

ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அடைகொடுக்கக் கட்டைகள், வீல் ஸ்பேனர், 12, 14, 17 சாக்கெட்டுகள், நீளக் கைப்பிடியுள்ள ரேட்செட், டார்க் ரெஞ்ச், சி கிளாம்ப், கம்பி பிரஷ், 80 அல்லது 120 எண் உப்புத்தாள், தட்டை அரம், வெர்னியர், காலிப்பரைத் தொங்கவிட ஒரு முழம் கட்டுக்கம்பி, ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி.

முகக்கவசம் பெயருக்கு அல்ல. பழைய காலப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இன்று அது இல்லாத பேடிலும் தூசி நுரையீரலுக்குக் கெடுதிதான். பிரேக் தூசியை வாயாலோ ஏர் கம்பிரஸராலோ ஊதாதீர்கள். கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கழற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் கைபேசியில் நாலு கோணங்களில் படமும் எடுத்துவையுங்கள்.

1. ஓட்டி வந்த கையோடு தொடாதீர்கள், டிஸ்க் ஆறட்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

2. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டேங்கின் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துடைத்துவிட்டு மட்டத்தைப் பாருங்கள். உச்சக்கோட்டுக்கு அருகில் இருந்தால் சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலேறி வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, காரின் பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். காரைக் கையால் அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்றால் மட்டுமே சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது.

4. காலிப்பரின் பின்பக்க போல்ட்கள் வெளியே எட்டும் திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். ஸ்லைடு பின் போல்ட்கள் இரண்டையும் கழற்றுங்கள், பெரும்பாலும் 12 அல்லது 14 சாக்கெட். பின்னும் சேர்ந்து சுற்றினால் மெல்லிய ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. பிஸ்டனை இப்போதே தள்ளிவிடலாம். பழைய உள் பேடையே அணையாக வைத்து, சி கிளாம்பால் மெல்ல மெல்ல இறுக்குங்கள். பிஸ்டன் ஒரே சீராக உள்ளே போக வேண்டும். முரண்டு பிடித்தாலோ, அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ காலிப்பரைப் பிரித்து கிட் மாற்ற வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

6. காலிப்பரை எடுத்துக் கட்டுக்கம்பியால் சுருள் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஹோஸின் உட்புறம் கிழிந்தால் வெளியே தெரியாது. காலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கவும் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

7. பேடுகளை எடுத்துவிட்டு, பேடைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்களைக் கழற்றுங்கள், பெரும்பாலும் 17 சாக்கெட். இவை கடுமையாக இறுகியிருக்கும். நீளக் கைப்பிடி போட்டு, ஸ்டாண்டிலிருந்து கார் நழுவாதபடி சீராக இழுங்கள்.

8. டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருக்கும் சிறிய ஸ்குரூ இருந்தால் கழற்றி, டிஸ்க்கை வெளியே இழுங்கள். வரவில்லையா? பல டிஸ்க்குகளில் மரையிட்ட இரண்டு சிறு துளைகள் இதற்கென்றே இருக்கும். அந்த மரைக்குப் பொருந்தும் இரண்டு போல்ட்களைப் போட்டு மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் டிஸ்க் தானே விட்டுக்கொடுக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இது இறுகிப்போவது சகஜம். துருநீக்கி ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, நடுக் கிண்ணத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். திரும்பப் போடப்போகும் டிஸ்க்கில் சுத்தியல் படக் கூடாது. சில பழைய கார்களில் டிஸ்க் ஹப்பின் பின்னால் பூட்டப்பட்டிருக்கும். அதை எடுக்க ஹப்பையே பிரஸ்ஸில் கழற்ற வேண்டும், வீட்டில் முடியாது.

பழைய பேடைப் படியுங்கள்

கழற்றிய பேடுகளைத் தூக்கிப் போடும் முன் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். உள், வெளி, வலது, இடது என்று எழுதிவைத்துக்கொண்டால் அவை உங்கள் பிரேக்கின் கதையைச் சொல்லும்.

நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்திருந்தால் எல்லாம் நலம். உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின்கள் பிடித்திருக்கின்றன, இல்லையென்றால் பிஸ்டன் பின்வாங்கவில்லை. ஒரு பேட் சாய்வாக, ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று நகரவில்லை அல்லது பேடின் காது பிராக்கெட்டில் சிக்கியிருக்கிறது. ஒரு சக்கரத்தின் இரண்டு பேடும் தேய்ந்து, மறுசக்கரத்தின் இரண்டும் அப்படியே இருந்தால் பிஸ்டனையோ ஹோஸையோ சந்தேகப்பட வேண்டும். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

சுத்தம்: உண்மையான வேலை

*ஹப் முகம்.* டிஸ்க் போய் உட்காரும் தட்டையான முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து எடுங்கள். வீல் போல்ட்களின் அடிப்பகுதியைச் சுற்றியும் நடுவில் உயர்ந்து நிற்கும் வளையத்தைச் சுற்றியும் துரு ஒளிந்திருக்கும்.

இதில் ஏன் இவ்வளவு கறார்? ஹப் முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. தடிமனுள்ள ஒரு துருச் செதில் மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹப் முகத்தைவிட டிஸ்க் அகலமானது. அங்கே விழும் சாய்வு டிஸ்க்கின் விளிம்பை எட்டும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். புது டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் 0.1 மி.மீ. அளவுக்கு ஆடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேடைத் தொட்டுத் தொட்டுப் போகும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்த இடம் மட்டும் மெலிந்து, பெடல் துடிக்கத் தொடங்கும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் வளைவு அல்ல, இந்தத் தடிமன் வேறுபாடுதான். டயல் கேஜ் இரவல் கிடைத்தால், புது டிஸ்க்கை வீல் நட்டுகளால் இறுக்கி வைத்து, ஓரத்தில் ஆட்டத்தை அளந்து பாருங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் மனநிறைவோடு மேலே போகலாம்.

*பிராக்கெட்.* பழைய கிளிப்களைக் கழற்றினால் அடியில் துரு படலம் படலமாக உப்பியிருக்கும். அந்த உப்பல் கிளிப்பை மேலே தள்ளி, பேடின் காதை இறுக்கிப் பிடிக்கும். அரத்தால் சமமாக்கி, வெறும் இரும்பு தெரிந்ததும் புதுக் கிளிப்களைப் பொருத்துங்கள். புதுப் பேடை வைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் துரு இருக்கிறது.

*ஸ்லைடு பின்கள்.* இரண்டையும் இழுத்தெடுத்து, பழைய கிரீஸைக் கிளீனர் நனைத்த துணியால் முழுதும் துடைத்துவிடுங்கள். பின் நுழையும் துளைக்குள்ளும் துணி விட்டுச் சுற்றுங்கள். பின்னில் துருக்குழி விழுந்திருந்தால் புதிது போடுங்கள். சில கார்களில் இரண்டு பின்களும் ஒன்றுபோல் இருக்காது, ஒன்றின் நுனியில் ரப்பர் இருக்கும். எது மேலே, எது கீழே என்பதை மாற்றிவிடாதீர்கள். சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசிச் சொருகுங்கள். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் ரப்பரை ஊதச் செய்து, வழுக்க வேண்டிய பின்னையே இறுக்கிப் பிடிக்கவைத்துவிடும். துளைக்குள் கிரீஸை அடைத்தாலும் காற்று வெளியேற வழியின்றிப் பின் திரும்பிவரும். கடைசியில் ரப்பர் உறை பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மாட்டுவது

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். இரு முகத்தையும் பிரேக் கிளீனரால் கழுவி, துணியில் கறை வராதவரை துடைத்து எடுங்கள். அதற்குப் பிறகு உராயும் முகத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்.

டிஸ்க்கை ஹப்பில் வைத்து, ஒரு வீல் நட்டைக் கையால் முடுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டைப் பூட்டிப் போல்ட்களை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பேடின் காதுகளிலும், காலிப்பர் தொடும் முதுகுப் பக்கத்திலும் பிரேக் பேஸ்ட்டை லேசாகத் தடவி உள்ளே வையுங்கள். உராய்வுப் பக்கத்தில் ஒரு பொட்டுப் பட்டாலும் அந்தப் பேட் வீண். எச்சரிக்கை நாக்குள்ள பேட் பழையது எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருந்ததோ அப்படியே வரட்டும். பெரும்பாலும் அது உள் பேடில் இருக்கும்.

புதுப் பேடும் டிஸ்க்கும் தடிமன் கூடியவை. பிஸ்டன் முழுதும் உள்ளே போயிருந்தால்தான் காலிப்பர் இறங்கும். இறங்கவில்லை என்றால் சுத்தியலைத் தேடாமல், சி கிளாம்பை இன்னொரு முறை போடுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்லைடு பின் போல்ட்களை இறுக்குங்கள்.

சிறிய கார்களில் பொதுவாக ஸ்லைடு பின் போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட்டுக்கு 80 முதல் 110, வீல் நட்டுக்கு 85 முதல் 110 என்ற அளவில் இறுக்கம் இருக்கும். இது திசை காட்டத்தான். உங்கள் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது.

வீல் நட்டுகளைக் கையால் முடுக்கி, சக்கரம் தரையைத் தொட்டதும் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் படிப்படியாக இறுக்குங்கள். ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், பாடுபட்டுச் சுத்தம் செய்த ஹப் முகத்தில் டிஸ்க் கோணலாக உட்காரும். பிறகு மறுபக்கத்துக்குப் போய் இதே வேலையை அதே பொறுமையோடு செய்யுங்கள்.

கார் நகரும் முன்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும் என்றால் அது இதுதான்: காரை ஓர் அடி நகர்த்தும் முன்பும் பெடலை மிதித்து மிதித்து இறுக்கமாக்குங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் சில மிதிகள் தரை வரை போகும், அப்போது பிரேக்கே இருக்காது. பெடல் கல்லாக நிற்கும் வரை மிதியுங்கள். பிறகு ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் மூடியில் குறிப்பிட்டுள்ள வகையையே ஊற்றுங்கள்.

எந்த ஹோஸையும் திறக்காததால் உள்ளே காற்று போக வழியில்லை, ஏர் எடுக்க வேண்டியதில்லை. அப்படியும் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் காரை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தால் இதோடு சேர்த்து அதையும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தரவிதிப்படி டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4-க்கு 230-உம் 155-உம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கல்லட்டியின் 36 வளைவுகளிலோ காலை எடுக்காமல் பிரேக் பிடித்தே இறங்கினால் பழைய ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் தொளதொளத்துப் போகும். புது டிஸ்க் போட்டிருந்தாலும் மலை இறக்கத்துக்குக் கீழ் கியர்தான் முதல் பிரேக்.

பதம் செய்வது

புதுப் பேட் முதல் நாளே முழுப் பிடிப்புத் தராது. பேடின் பொருள் டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய, சீரான படலமாகப் பதிய வேண்டும். பேட் பெட்டியில் முறை அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் முதலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை வேகம் குறையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேடின் பொருள் தடித்துப் பதியும், பிறகு துடிப்பு வரும். கடைசியில் பத்து நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிடுங்கள். லேசாகக் கருகல் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். முதல் 200, 300 கி.மீ.க்கு அவசியமின்றிக் கடுமையாகப் பிரேக் போடாதீர்கள்.

திரும்பி வந்ததும் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய், தொடாமல், இரு பக்கத்துச் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பேட் விடுபடாமல் உரசுகிறது. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.

கோளாறு தெரிந்தால்

- நிற்கும்போது கிறீச் சத்தம்: கிளிப், பேடின் முதுகுப் பேஸ்ட், எச்சரிக்கை நாக்கு எங்காவது உரசுவது, இந்த வரிசையில் பாருங்கள்.
- ஓட்டத்தில் தொடர்ந்து உரசல்: டிஸ்க்கின் பின்னுள்ள தகட்டு மறைப்பு வளைந்து தொட்டுக்கொண்டிருக்கலாம். விரலால் விலக்கினால் போதும்.
- கார் ஒரு பக்கம் இழுப்பது: ஒரு பக்கத்துப் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது ஸ்லைடு பின் நகரவில்லை.
- சில ஆயிரம் கி.மீ. கழித்து உதறல்: டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.

குறித்துவையுங்கள்

தேதி, கிலோமீட்டர், பேட் பெட்டியின் பாக எண், கழற்றிய நான்கு பேடுகளின் தடிமன், புதுப் பேடுகளின் தடிமன், புது டிஸ்க்கின் தடிமன் இவற்றைச் சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் எழுதுங்கள். பழைய டிஸ்க் வார்ப்பிரும்பு, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். 10,000 கி.மீ. ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி பேடுகளை மீண்டும் அளந்து, புதிதில் இருந்த அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு வரிசை எண்களிலிருந்து உங்கள் சாலையிலும் உங்கள் காலிலும் ஒரு செட் பேட் எவ்வளவு தூரம் வரும் என்று நீங்களே கணக்கிடலாம். வலது, இடது, உள், வெளி நான்கும் சேர்ந்தே தேய்ந்திருந்தால் அன்று செய்த சுத்தம் சரியாக இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் முந்தினால் எந்தப் பின்னைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.